மஞ்சள் போன வழி

பேத்திக்கு வயிற்றோட்டம். உப்போடு கரைத்துக் கொடுக்கச் சீனி வாங்கலாமென்று இன்று கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனேன்.

மஞ்சள்தூள் நிறுத்த அதே கையால் மனேச்சர் எனக்குச் சீனி அள்ளினார். தராசு, மேசை, கதவுப்பிடி, அடுத்தவர் வாங்கிய பாண் ரொட்டி, எங்கும் மஞ்சள் விரல்கள்.

"தம்பி, உந்த மஞ்சள் போற இடமெல்லாம் கிருமியும் போகும்."

"மஞ்சள் கிருமியைக் கொல்லுமெண்டு நீங்கள்தானே மாஸ்டர் படிப்பிச்சனீங்கள்!"

கடையே சிரித்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "கை கழுவச் சவுக்காரம் எங்கை கிடக்கு, மாஸ்டர்?"

சவர்க்காரத்தைக்கூட உள்ளே விடாத போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் அவரும் என்ன செய்வார்?

வீட்டில் சீனியைக் கரைக்குமுன் சவர்க்காரம் கேட்டேன். மனைவி நகைப்பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார்.

"மெதுவாத் தேயுங்கோ. பிள்ளை சுகமாகி எழும்புமட்டும் உதுதான்."

உங்கள் வீட்டில் சவர்க்காரத்தை எங்கே பூட்டி வைத்திருக்கிறீர்கள்?