ரியாலுக்குப் பதினெட்டு

ரூபாய் விழுந்தால் எங்கள் வீட்டில் கறி எடுப்பார்கள். நாடே ரூபாய் விழுகிறதே என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இது. ஊருக்கு ஒரு வழி என்றால் எங்களுக்குத் தனி வழி. அப்பா சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். ஒரு ரியாலுக்கு இங்கே எத்தனை ரூபாய் என்று பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புவார். ரியால் ஏறினால் அதே சம்பளம் இங்கே வந்து இறங்கும்போது கொஞ்சம் பெருத்திருக்கும். அது ஏறட்டும் என்று அவர் அங்கே காத்திருப்பார். அம்மா இங்கே குழம்பில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவைப் பெற்றவர்கள் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். அந்த வம்சத்தில் செங்கல் சுவர் எழுப்பிய முதல் ஆள் அப்பாதான். சுவர் எழும்பியதோடு சரி, தளம் போடக் காசில்லாமல் மேலே தகரத்தைப் போட்டு வைத்திருந்தோம்.

அப்போது நான் மூன்றாவது படித்தேன். அப்பா என்றால் எனக்கு வெள்ளிக்கிழமை போன்தான். எப்போது வருவாய் என்பதைத் தவிர அவரிடம் நான் வேறெதையும் கேட்டதாக நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொந்தரவு தாங்காமல் பதில் சொன்னார்.

“ரியாலு பதினெட்டு ரூவா ஆவட்டும்மா. தளம் போட்டுட்டு வந்துடறேன்.”

அன்றைக்கு அது பதினாலு சொச்சத்தில் இருந்தது. எனக்கு அது ஒரு தூரமாகவே தோன்றவில்லை. பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் விரல் விட்டால் ஒரு கைகூட நிறையவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு வேன் ஓட்டினார். லீவு நாளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் பணம் மாற்றும் கடை ஒன்று இருந்தது. வாசலில் ஒரு பலகை. டாலர், யூரோ என்று வரிசையாக எழுதி, எதிரே அன்றைய விலையை மார்க்கர் பேனாவால் போட்டிருப்பார்கள். கடைசி வரியில் ரியால். கடைக்காரர் காலையில் வந்து பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புதிய எண்ணைப் போடுவதை என் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதானா விஷயம் என்று ஆகிவிட்டது. விலையை ஏற்றுகிற ஆள் இவர்தான். அப்பாவுக்கு இது தெரியாமல் போயிற்றே!

நேராக அவரிடம் போய், ரியாலுக்குப் பதினெட்டு போடுங்கள் என்றேன்.

“உனுக்கு இன்னாத்துக்கு பாப்பா பதினெட்டு?” என்றார்.

“எங்கப்பா வரணும்” என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கடல் பக்கம் பார்த்தார். கடைக்காரர் கடைசி வரியைத் துடைத்துவிட்டு, நல்ல பெரிய எழுத்தில் பதினெட்டு என்று எழுதினார். வேன் திருப்பத்தில் மறையும் வரை அதைத் துடைக்கவும் இல்லை. அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

விளையாட்டு வினையாகும் என்பார்களே, அப்படி ஆயிற்று. சில மாதங்களில் ரூபாய் நிஜமாகவே சரிந்தது. டிவியில் தினம் அதே பேச்சு. பள்ளியில் டீச்சர், ரூபாய் விழுந்தால் பெட்ரோல் ஏறும், எண்ணெய் ஏறும் என்று வருத்தமாக விளக்கிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுப்பி நிற்க வைத்தார். நின்றுகொண்டும் சிரித்தேன். ரியால் பதினெட்டைத் தொட்ட வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கு இடம் வேண்டுமே என்று பாயைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள் அம்மா. அப்பாவின் குரலில் அப்படி ஒரு குஷியை நான் கேட்டதே இல்லை.

“இருவது வரைக்கும் போவும்னு பேசிகினு கீறாங்க. இந்த நேரத்துல எவனாச்சும் வருவானா? இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன்.”

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். நான்தான் அப்பாவுக்குத் தைரியம் சொன்னேன். பதினெட்டையே வாங்கிக் கொடுத்தவளுக்கு இருபது என்ன பெரிய காரியமா?

இன்று நாவலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தத் தேதிக்கு ரியால் என்ன விலை என்று கேட்டால் கணினி நொடியில் சொல்லிவிடுகிறது. அது இருபதைத் தொட்டபோது நான் வளர்ந்து ஆளாகியிருந்தேன். அப்பா இப்போது வீட்டோடுதான் இருக்கிறார். தளம் போட்ட வீடு. பக்கத்தில் அவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வயதில் வராத அப்பாவுக்காக எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

இருபது என்று அப்பா சொன்ன அந்தப் போனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அச்சரப்பாக்கம் மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனாள். இருவரும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு முட்டி போட்டோம். நான் இருபது கேட்க ஆரம்பித்தேன். பக்கத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து அம்மாவின் முணுமுணுப்பு கேட்டது.

“எறங்கணும் தாயே. அந்த ரேட்டு பழையபடி எறங்கிடணும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேட்டு இறங்கினால் அப்பா எப்படி வருவார்? இவளுக்கு அப்பா வரவே வேண்டாமா? நான் குரலை உயர்த்தி, ஏறணும் மாதாவே, ஏறணும் என்றேன். அம்மா நிறுத்தவில்லை. நானும் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கும்போது அம்மா கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. எட்டிப் போய்த் தனியாகவே இறங்கினேன். உலகத்தில் அப்பா வரவேண்டும் என்று கேட்பதற்கு என்னைத் தவிர வேறு ஆளே இல்லை என்று நினைத்து, வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.