லிஃப்ட்காரரின் கெட்டில்

பக்கவாதம் வந்தவர்களை வீட்டு வேலைகளுக்கு மறுபடி பழக்கிவிடுவது என் தொழில். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் சமையலறையைத்தான் பார்ப்பேன். ஆள் எதில் பிரியமாக இருந்தார், இனி எதற்கு அடம்பிடிப்பார் என்பது அங்கே தெரிந்துவிடும். லிஃப்ட்காரர் வீட்டில் ஜன்னலோர மேசை ஒரு சின்னப் பட்டறையாகவே இருந்தது. மேசையில் திருகிப் பொருத்திய, ஒரு கையால் சுற்றி அரைக்கும் காபி மெஷின், மூக்கு நீண்டு வளைந்த மின்சாரக் கெட்டில், கண்ணாடிக் குடுவை, அதன்மேல் வைக்கிற கூம்பு, காகித வடிகட்டிகள், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எடைத்தட்டு. எல்லாவற்றுக்கும் மேலதிகாரி மாதிரி நடுவில் ஒரு மரத் தாங்கி. அதில் போன் படுக்கைவாட்டில் சாய்ந்திருந்தது.

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்த வேண்டியிருப்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவார். நான் போய்ச் சேர்வது அதற்கு வெகுநேரம் கழித்து. இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் லிஃப்ட்காரர் மட்டும்தான். கதையின் சிக்கல் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது.

அவருக்கு இடது கையும் காலும் பலவீனம். பேச்சு போகவில்லை, கிண்டலும் போகவில்லை. இன்னொரு தொந்தரவு உண்டு. கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "அவ்வளவுதானா?" என்பார். சவரம் செய்தால் இடது கன்னம் அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வையுங்கள், வலது பக்கமாக நின்று பேசுங்கள் என்று மனைவிக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

காபியைப் பற்றி எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"மூணு ஆப் வெச்சிருக்கேன் அக்கா. ஒண்ணு, எந்த சாதனத்துக்கு எவ்வளவு பொடிசா அரைக்கணும்னு சொல்லும். ஒண்ணு டைரி மாதிரி. எந்தக் கொட்டையை என்னிக்கு வறுத்தாங்க, குடிச்சப்ப எப்படி இருந்துச்சு, எல்லாம் எழுதி வெச்சுக்கலாம். மூணாவதுதான் முதலாளி. எப்ப தண்ணி ஊத்தணும், எவ்வளவு ஊத்தணும், எப்ப நிறுத்தணும், எல்லாத்தையும் காட்டும். எடைத்தட்டோட சேர்ந்து வேலை செய்யும்."

"எடைத்தட்டுலயே எண் தெரியுதே தம்பி?"

"குடுவையை வெச்சா எண் அடியில மறைஞ்சுடும். அதுக்குத்தான் போன்."

வேலை முடிந்து வந்திருந்த மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இந்த வீட்டுல அவர் அடங்கிப் போற ஒரே ஆள் அந்த மூணாவது ஆப்தான் அக்கா. நிறுத்துன்னு அது சொன்னா நிறுத்துறார். நான் சொன்னா காது கேக்காது."

எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பிசியோதெரபிக்காரர் ஏற்றிக் கொடுத்த பயிற்சி ஆப்பை அவர் திறந்து பார்த்ததே கிடையாது. காபிக்காக மட்டும் எழுந்து நடந்தார், எட்டி எடுத்தார், நின்றுகொண்டு அரைத்தார். நான் வேறு என்ன கேட்க முடியும்?

ஆனால் காபி வழிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கூம்பு நிரம்பி, குடுவை நிரம்பி, மேசையெல்லாம் பொடித்தண்ணீர். "நேரம் சரியாத்தான் பார்த்தேன்" என்பார் ஒவ்வொரு முறையும். ஆப்பின்மேல் பழி போட்டு அதை அழித்துவிட்டு வேறொன்று ஏற்றுவார். அதிலும் வழியும். "எல்லா ஆப்பும் கூடிப் பேசிட்டு எனக்கு எதிரா சதி பண்ணுது" என்று சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டு, வையாத குறையாக நாலு வரி எழுதவும் செய்தார்.

பிறகு ஒரு காலை, அவர் தனியாக இருந்தபோது, வழிந்த வெந்நீர் மேசையில் ஓடி அவருடைய இடது கையைத் தொட்டது. கை அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான் போனபோது புறங்கை சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. வலது கையில் கோப்பையோடு உட்கார்ந்து, காபி சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கையைப் பிடித்துக் கழுவி, துணி சுற்றினேன். பெரிய காயம் இல்லை. விஷயம் பெரியது.

அன்று மாலை வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, போதும். ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. நீ வேலைய விடு, இல்ல அப்பாவைத் தனியா விடாத. ரெண்டுல ஒண்ணு."

"நான் வேலைய விட்டா அங்க வந்து என்னடி பண்றது? உங்க வீட்டு ஜன்னலைத் துடைக்கவா?"

"அப்ப அப்பாவுக்குக் காலைல யார் இருக்கா?"

மகள் என்னைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, நீங்க பார்த்துச் சொல்லுங்க. அவர் தனியா இருக்கலாம்னா இருக்கட்டும். உங்க வாய்ல அந்த வார்த்தை வந்தா நான் ஒத்துக்கறேன்."

"பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றேன். அப்போதைக்கு என் பதில், 'தனியாக இருக்கக் கூடாது' என்பதுதான். லிஃப்ட்காரர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மனைவி கெட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டார். இவர் அன்றைக்குத் தட்டில் வலது பாதியைக்கூடத் தொடவில்லை. இப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஆள் படுத்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. கெட்டிலை இறக்கச் சொல்லி, குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன்.

"இதுல காபி வராது அக்கா."

"காபி வேண்டாம். கை பழகட்டும். வழிஞ்சா துடைச்சுக்கலாம்."

வழிந்தது. துடைத்தோம். மறுபடி வழிந்தது.

வெள்ளிக்கிழமை மனைவிக்கு விடுமுறை. மேசையைத் துடைக்கும்போது மரத் தாங்கியின் கால் பிய்த்துக்கொண்டு வந்தது. "இதுக்கும் பக்கவாதமா?" என்று அவர் கேட்க, மனைவி சிரித்துக்கொண்டே போனை பிஸ்கட் டப்பாவின்மேல் நெட்டுக்குத்தலாகச் சாய்த்து வைத்தார். லிஃப்ட்காரர் ஊற்றினார். சொட்டுக்கூட மிகையில்லாமல் நிறுத்தினார்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். மறுபடி ஊற்றச் சொன்னேன். மறுபடியும் சரியாக நிறுத்தினார். போனை எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்திருக்கும்போது எடை மேலே, நேரம் கீழே. படுக்கவைத்தால் எடை இடது ஓரத்துக்கும் நேரம் வலது ஓரத்துக்கும் போய்விடுகிறது. படுக்கவைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"தம்பி, இதுல என்ன தெரியுது?"

"நேரம்."

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "எடை எங்கங்க?"

அவர் திரையை நன்றாக உற்றுப் பார்த்தார். "இதுல எடை இல்ல. அதான் சொன்னேனே, இந்த ஆப் சரியில்லன்னு."

அவர் மோவாயைப் பிடித்து இடது பக்கமாக மெதுவாகத் திருப்பினேன். எண் கண்ணில் பட்டதும் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தட்டைத் திருப்பி வைத்த வீட்டில் போனைத் திருப்பி வைக்க எங்கள் யாருக்கும் தோன்றாமல் போயிருக்கிறது.

"அப்போ அந்த ஆப்பெல்லாம் பாவம்ல" என்றார். "எல்லாத்துக்கும் ஒத்த நட்சத்திரம் போட்டு வெச்சிருக்கேனே."

காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் ஆள் தேறிவிடமாட்டார். போனின் திரை சுழலாதபடி பூட்டினோம். எடை நெருங்கும்போது போன் குரல் கொடுக்கும்படி ஆப்பில் ஒரு வசதி இருந்தது. அதைத் திறந்துவிட்டோம். மேசையின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிய பிறகுதான் கெட்டிலைத் தொடலாம் என்று சட்டம் போட்டேன். முன்னால் பை வைத்த ஏப்ரன் ஒன்றை மனைவி தைத்தார். இடது கை அந்தப் பைக்குள் இருக்க வேண்டும். "கங்காரு மாதிரி இருக்கேன்" என்றார். "கங்காரு இவ்வளவு பேசாது" என்றார் மனைவி. பெரிய கெட்டிலுக்குப் பதிலாக ஒரு கோப்பை மட்டும் பிடிக்கும் சின்னக் கெட்டில் வாங்கி வரச் சொன்னேன். சனிக்கிழமை முழுக்கப் பழகினார். கடைசி இரண்டு முறை வெந்நீர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வருகிற நேரத்தைக் கணக்கிட்டுக் காபியைத் தொடங்கினார். நானும் மனைவியும் சுவரோரம் நின்றோம். குறுக்கே பேசுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. டேப்பைப் பார்த்தார். கை பைக்குள் போனது. முதல் தண்ணீரை ஊற்றினார், பொடி உப்பியது, காத்திருந்தார். இரண்டாவது தண்ணீர் பாதியில் இருக்கும்போது போன் மணி அடித்தது. திரை முழுக்க மகளின் படம். எடையும் இல்லை, நேரமும் இல்லை, குரலும் இல்லை.

மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆவி பறக்கும் கெட்டில் லிஃப்ட்காரர் கையில்.

அவர் ஊற்றுவதை நிறுத்தினார். தலையைத் திருப்பி டேப்பைத் தேடினார். கெட்டிலை அதன் தட்டில் வைத்தார். சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் போனை எடுத்தார்.

"அப்பா, கீழ நிக்கறேன். லிஃப்ட் வரவே மாட்டேங்குது. பெட்டி வேற."

"எந்த மாடியில நிக்குதுன்னு காட்டுது?"

"நாலு."

"நாலாவது மாடில எவனோ கதவ முழுசா சாத்தல. அம்மாவ அனுப்பறேன். நீ பொத்தானைப் போட்டுக் குத்தாத, அது அழைப்பு மணி இல்ல."

மனைவி கதவைச் சாத்த ஓடினார். இவர் கூம்பில் இருந்ததை அப்படியே தொட்டியில் கொட்டினார். "நேரம் போச்சு, இது குடிக்க ஆகாது" என்று சொல்லிவிட்டு, புது காகிதம் வைத்து முதலிலிருந்து தொடங்கினார்.

மகள் பெரிய பெட்டியோடு உள்ளே வந்தபோது காபி தயாராக இருந்தது. அவள் அதில் சர்க்கரை போட்டாள். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கோப்பை காலியானதும் அவள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"காலைல தனியா இருக்கலாம்மா."

"இன்னிக்கு நல்லாப் பண்ணிட்டார். நாளைக்கு?"

"நாளைக்கும் போன் அடிக்கும். கெட்டிலக் கீழ வெச்சுட்டுத்தான் எடுப்பார். நடுவுல நிறுத்தத் தெரிஞ்சவரைத் தனியா விடலாம். அது தெரியாம இருந்திருந்தா, காபி எவ்வளவு நல்லா வந்திருந்தாலும் உன்கூட அனுப்பியிருப்பேன்."

அவள் சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, தான் திட்டித் தீர்த்த ஆப்களை ஒவ்வொன்றாகத் தேடி ஐந்து நட்சத்திரமாக மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளைத் தட்டிக்கொடுத்த மனைவி, "மன்னிச்சிடுங்கன்னு போடட்டுமா?" என்று கேட்டார். "போடு. ஆனா படுக்கைவாட்டுல எண்ணை நடுவுல வைக்கச் சொல்லியும் ஒரு வரி போடு."

மகள் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாள். அப்பா அம்மாவின் துணிமணிகளை அள்ளிப்போக வழியில்லாததால், கொண்டு வந்த பெட்டிக்குள் அந்தப் பெரிய கெட்டிலை மட்டும் வைத்து எடுத்துப் போனாள்.