முத்தையா அண்ணாச்சியின் வலது கதவு

சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதக் காலையில், முத்தையா அண்ணாச்சி போய்விட்டார் என்று கடையநல்லூரில் இருந்த எனக்குத் தகவல் வந்தது. குற்றாலத்து மலையடிவாரத்தில் எங்கள் தேக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் பல வருடம் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். பண்ணையில் வேலை பார்த்து, இதை வாசிக்கிற நீங்களும் அவருடைய கோபத்தை வாங்கியிருப்பீர்கள். ஆகையால் அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்குத் தைரியமில்லை.

மரத்தைத் துண்டு போட்டு, எடை பார்த்து, காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அவர் வேலை. பச்சை மரத்தைப் பார்த்து யாராவது ஆகா என்றால், "காயட்டும், பொறவு பேசுவோம்" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் இதையே சொல்லி, அவர் மனைவி, எங்கள் மதினியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டார். மலையில் நின்ற ஓர் அருமையான தேக்கிலிருந்து மொட்டெடுத்து, நாற்றுகளில் ஒட்டுக்கட்டி வளர்த்த தோப்பு எங்களுடையது. தாய்மரம் ஒன்று என்பதால் கட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எல்லோருமே நம்பினோம். எழுபதுகளின் நடுவில், நெருக்கத்தைக் குறைக்க வெட்டிய மரங்களில் இரண்டை ஏலத்தில் எடுத்து, தென்காசியில் கட்டிய வீட்டுக்கு வாசல்கதவு செய்தார். ஓடைக்கரை மரத்தில் வலது கதவு, மேட்டு மரத்தில் இடது கதவு. இரண்டு மரத்துப் பலகையையும் கலந்து சேர்க்கலாம் என்றார் ஆசாரி. "ரெண்டும் ஒரே மரந்தான் ஆசாரியாரே, இதுல என்னத்தக் கலக்க?" என்று மறுத்துவிட்டார் அண்ணாச்சி.

அடுத்த சாரலுக்கு வலது கதவு ஊதிப்போய் நிலையோடு இறுகிக்கொண்டது. இடது கதவு ஒன்றும் அறியாததுபோல் ஆடியது. முதலில் ஆசாரியைத் திட்டினார். பிறகு மிச்சத் துண்டுகளைப் பண்ணைக்குக் கொண்டுவந்து அளந்தார். எடையும் வேறு, ஊதுவதும் வேறு. அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஓடைத் தண்ணீரா, வெயிலா, ஒட்டுக்கட்டிய அடிக்கன்றா, எது காரணம்? அது தெரியவேண்டுமானால் தோப்பு முற்றும்வரை நிற்கவேண்டும், பிறகு ஒவ்வொரு மரத்தையும் அடையாளத்தோடு வெட்டவேண்டும். மேலே இருந்தவர்களிடம் இதற்காகக் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், கீழப்பாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவர் திரும்பி வந்தபோது, மேலிடத்து உத்தரவில் வெட்டப்பட்டுத் தோப்பு மொட்டையாகக் கிடந்தது. தடிகள் அடையாளமில்லாமல் ஒரே குவியல். "எது எங்கன நின்னதுன்னு இனி யாருகிட்ட கேக்க?" என்றார். அவர் வரும்வரை பொறுத்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எந்த மரம் எங்கே நின்றது என்று தெரிந்த கட்டை, அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் மட்டும்தான் இருந்தது. அதனால் வலது கதவை இழைக்கவே விடமாட்டார். ஒவ்வொரு ஆடியிலும் அளப்பார். விருந்தாளிகள் ஒருக்களித்து நுழைவார்கள். ஊர் சிரிக்கிறதென்று மதினி வருடம் தவறாமல் சண்டை போடுவார்.

அவர் போன அன்றும் வலது கதவு அசையவில்லை. உடலை வெளியே எடுக்கவேண்டும் என்று யாரோ ஓடிப்போய் இழைப்புளியோடு ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மதினி நிமிர்ந்தார். "அதுல கை வைக்காதீய. ஒத்தக் கதவு வழியாவே அவுக போவட்டும்." நிலையில் எங்கள் தோள் இடிக்க, சரித்துத்தான் அவரைக் கொண்டுவந்தோம்.

பதில் தெரியாமலே போய்விட்டாரே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பதினாறாம் நாள் விடைபெறும்போது, அடுத்த ஆடிக்கு அளக்க வருகிறேன் என்று மதினியிடம் சொன்னேன்.

"வாங்க. மரத்துக்கு எண்ணெ போட்டா அளவு தப்பிரும்னு சொல்லுவாக. போடாம வச்சிருக்கேன்."