ஆளுக்கொரு நரம்பு

வீணையை வெயிலில் வைக்காதே என்று, என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். விரல் வைத்துச் சுரம் பிடிக்கிற வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும் கறுப்பு மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சூடு பட்டால் மெழுகு இளகும், மெட்டு சாயும், சுரம் போகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அப்படிப்பட்ட நான்தான் போன ஜூனில் என் வீணையைக் காருக்குள் வேகவைத்தேன்.

சித்தூரில் வீட்டில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி போனால் ஒருத்தி வருவாள். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் சங்கீத வகுப்பு தொடங்க இருந்தார்கள். அதன் கரஸ்பாண்டென்ட் கீபோர்டுதான் கற்றுக்கொடுப்பது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். நான் போனில் விடாமல் நச்சரித்ததில், "சரிம்மா, பிள்ளைங்க முன்னாடி அரை மணி நேரம் பேசி, வாசிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே முடிவு சொல்லிடறேன்" என்றார். யாழின் கதையில் தொடங்கி வீணையில் முடிப்பதாகத் திட்டம். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

அன்று நானும் கணவரும் காரில் கிளம்பும்போது, அவருக்குக் கொடுக்க ஒரு கூடை பங்கனப்பள்ளி மாம்பழமும் எடுத்துக்கொண்டோம். வழியில் பாகாலாவில் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. வண்டியிலிருந்து இறங்கியதும், "பழம் வெந்துடும், கூடையை உள்ள எடுத்தாங்க" என்று கணவரிடம் சொன்னேன். பின் சீட்டில் படுத்திருந்த வீணையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சித்தூர்க்காரிக்கு மாம்பழம் என்றால் மற்றதெல்லாம் மறந்துவிடும். ஒன்றரை மணி நேரம் மாம்பழம் ஃபேனுக்குக் கீழே காற்று வாங்கியது.

பள்ளிக்கூடத்தில், மேடைக்குப் பின்னால் உறையைப் பிரித்தேன். பந்தி முடிந்து தூங்கி வழிகிற சம்பந்திகளைப் போல மெட்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. எனக்குக் கோபம் வந்தால் நியாயம் கண்ணுக்குத் தெரியாது.

"ஒன்றரை மணி நேரம் துன்னுக்கினு உக்காந்திருந்தீங்களே, வண்டியை நெழல்ல வுடணும்னு தோணலியா?" என்று கணவர் மேல் பாய்ந்தேன்.

"கூடையை எடுன்னு சொன்னே, எடுத்தேன். வீணையை எடுன்னு சொன்னியா?"

சொல்லவில்லைதான். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போயிடலாம். இன்னொரு நாளு வந்து வாசி" என்றார்.

இன்னொரு நாள் ஏது? கீபோர்டு விற்கிறவர் மறுநாள் வருவதாக இருந்தது. சும்மா ஒரு தந்தியைச் சுண்டினேன். மெட்டில் விரல் வைக்காத அந்த நாதத்துக்கு ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. யாழுக்கு மெட்டு ஏது? தந்தியை முறுக்கும் பிரடைகளைத் திருகி, ஐந்து தந்திகளை மோகன ராகத்தின் ஐந்து சுரங்களுக்குச் சேர்த்தேன்.

மேடையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாம்பழத்தைக் காப்பாற்றி வீணையை உருக்கிய கதையைத் தெலுங்கில் சொன்னதும் கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் கரஸ்பாண்டென்ட் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

வேட்டைக்குப் போனவன் வில்லின் நாணைச் சுண்டியபோது எழுந்த சத்தம்தான் யாழுக்குத் தொடக்கம் என்பார்கள். ஒரு நாண் ஒரு சத்தம்தான் தரும். இன்னொரு சத்தம் வேண்டுமென்றால் இன்னொரு நாண் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிக் கட்டி, செங்கோட்டி யாழுக்கு ஏழு, பேரியாழுக்கு இருபத்தொன்று. தந்தியை அந்தக் காலத்தில் நரம்பு என்றார்கள். மெட்டு வைத்த வீணையில் ஒரே தந்தியிலேயே எத்தனையோ சுரம் பிடிக்க முடிந்தது. யாழ் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரு நரம்புக்கு ஒரு சுரம், ஒரு சுரத்துக்கு ஒரு ஆள். அஞ்சு பேர் வாங்க" என்றேன்.

முந்திக்கொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். ஐந்தாவதாக யார் என்று கேட்டதும், கூடம் முழுக்க "சார்! சார்!" என்று கத்தியது. கரஸ்பாண்டென்ட் கையை ஆட்டி மறுத்துப் பார்த்தார். பிள்ளைகள் விடவில்லை. கடைசியில் மேடையேறி, சலவை வேட்டியோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நான் யாரைக் காட்டுகிறேனோ அவர் தன் நரம்பைச் சுண்ட வேண்டும். நாலு பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அவர்தான் தவறவிட்டார். "மீ வந்து சார்!" என்று பிள்ளைகள் தெலுங்கில் அவர் முறையை நினைவுபடுத்த, அவசரத்தில் பக்கத்துப் பெண்ணின் நரம்பைச் சுண்டினார். அது என்னோடது என்று அவள் அவர் கையைத் தள்ளிவிட்டாள். இரண்டாவது, மூன்றாவது தடவையும் தப்பு. நாலாவது தடவை எல்லாம் சரியாக வந்து, மோகனத்தில் ஒரு சின்னப் பாட்டு முழுசாக உருண்டு முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கணவர் விசிலே அடித்துவிட்டார்.

அரை மணி நேரம் தாண்டிவிட்டது. "அவ்வளவுதான் சார், எழுந்திருக்கலாம்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. விரலை நரம்பின் மேலேயே வைத்துக்கொண்டு, கீழே நின்ற மேனேஜரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கீபோர்டு ஆளை நாளைக்கு வர வேணான்னு சொல்லிடுப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க மறுபடியும் ஆரம்பிங்கம்மா. இந்தத் தரம் நான் தப்பு பண்ண மாட்டேன்."