சண்டை போட்டு வாங்கிய தண்ணீர்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்ததால், தென்காசிப் பக்கத்து வயலை நான்தான் பார்த்தேன். எங்களுக்கு வருஷச் சோறே அதுதான். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நெல் நடுவயலில் வட்டமாகக் காயத் தொடங்கியது. குற்றாலத்தில் அருவி கொட்டும்போது என் பயிர் மட்டும் காய்கிறதே என்று வயிறு எரிந்தது. மேல்வயல் சுடலை அண்ணாச்சிதான் தண்ணீரை மறிக்கிறார் என்று முடிவு கட்டி, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருடைய முறையிலும் என் வயலுக்கே தண்ணீரைத் திருப்பினேன்.

நாலாம் நாள் வட்டம் களம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அவரைச் சபித்து மண்ணை வாரித் தூற்றி, வரப்பிலேயே விழுந்து அழுதேன். சத்தம் கேட்டு வந்தவர் அவர்தான். வயலில் இறங்கி ஒரு நெல் தூரை விரித்தார்.

"ஏம்மா, கதிரையே பாத்துக்கிட்டு நின்னா எப்படி? அடியப் பாரு."

தண்ணீருக்குச் சற்று மேலே தவிட்டு நிறத்தில் பூச்சி அப்பிக் கிடந்தது.

"புகையான்லா இது! சாற உறிஞ்சிப் பயிரக் காய வச்சிரும். தண்ணி நிக்க நிக்கப் பெருகும். இப்பவே வடிச்சு விடு."

அவரே வரப்பை வெட்டி வடித்தார். பாதி வயல் வைக்கோலுக்குக்கூட ஆகவில்லை.

இப்போதெல்லாம் பயிர் எங்கே காய்ந்தாலும் முதலில் குனிந்து தூரை விரித்துப் பார்க்கிறேன். பிறகுதான் மடையைத் திறக்கிறேன். வாயையும் பிறகுதான்.