இரண்டு பக்கமும் விழுந்த நிழல்

பொன்செல்வி எட்டாவது வரை மும்பை தாராவியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஒன்பதாவதுக்குச் செம்பூரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இலவச இடம் கிடைத்தது. பஸ் ஏறிப் போய் வந்தாள். வகுப்பில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு பேசவும் இல்லை.

அந்தப் பள்ளியில் சனிக்கிழமை மதியம் ஒரு கூட்டம் நடக்கும். பிள்ளைகள் தாங்கள் எழுதியதையும் வரைந்ததையும் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். மற்றவர்கள் நிறை குறை சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கிறவரை படைத்தவர் வாய் திறக்கக் கூடாது. பிரேமலதா டீச்சர் போட்டிருந்த சட்டம் அது ஒன்றுதான். பேசாமல் இருப்பதற்கு ஓர் இடம் என்றால் நமக்குச் சரிப்படும் என்றுதான் பொன்செல்வி சேர்ந்தாள். அவளுக்கு நன்றாக வரைய வரும்.

வெங்கடேஷ் ஒரு கவிதை வாசித்தால் அரை மணி நேரம் சண்டை நடக்கும். இந்த வரி போர் அடிக்கிறது, கடைசி நாலு வரியை வெட்டு என்பார்கள். அவன் முகம் சிவந்து போகும். ஆனால் கூட்டம் கலைந்ததும் அதே சண்டையைப் பேசிக்கொண்டு நாலைந்து பேர் அவனோடு கேன்டீனுக்குப் போவார்கள்.

பொன்செல்வியின் படம் மேஜைக்கு வந்தால் அறை அடங்கிவிடும். தகரக் கூரை, மாடிக்குப் போகும் இரும்பு ஏணி, தண்ணீர் டிரம், அருகில் ஒரு பெண். குனிந்து பார்ப்பார்கள். "நைஸ்." "பஹுத் அச்சா ஹை." ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வந்தவர்களின் குரலில் சொல்வார்கள். பிறகு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தீபாவளி லீவு வருவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. அது எந்த ஏரியாப் பெண்ணின் படம் என்பதைத்தான் பார்த்தார்கள்.

லீவு முடிந்து வந்த சனிக்கிழமை அவள் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்தாள். ஏணியின் நிழலை இடது பக்கமும், ஏணியடியில் நிற்கும் பெண்ணின் நிழலை வலது பக்கமும் போட்டாள். ஒரே வெயில்தான். சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

"நைஸ்," என்றார்கள். "ரொம்ப உயிரோட்டமா இருக்கு," என்றார் டீச்சர்.

பொன்செல்வி எழுந்துவிட்டாள். இங்கிலீஷ் வரவில்லை, ஹிந்தியும் வரவில்லை. தமிழ்தான் வந்தது. "நெழலப் பாருங்க. ரெண்டு பக்கமும் விழுது. ஒருத்தருக்குமா தெரியல?"

எதிரே இருந்த சஃபீனாதான் பேசினாள். டிராம்பேயிலிருந்து வருகிறவள், வீட்டில் தமிழ். "எனக்குத் தெரிஞ்சுது. பாத்ததுமே தெரிஞ்சுது."

"பொறவு ஏன் சொல்லல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

சஃபீனா அதை ஹிந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னாள். வெங்கடேஷ் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் இரண்டு பேரும். அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று பொன்செல்விக்குத் தோன்றியது.

பஸ் ஸ்டாப்பில் சஃபீனா வந்து பக்கத்தில் நின்றாள். "இன்னொண்ணு சொல்லவா? நீ வரையுற பொம்பளைங்க எல்லாரும் திரும்பியே நிக்கிறாங்க. உனக்கு மொகம் வரைய வராதா?"

சுருக்கென்றது. "வரும்," என்றாள் பொன்செல்வி. டிராம்பே பஸ் வந்தது. சஃபீனா ஏறிப் போய்விட்டாள். அவளுடைய கேள்வி பொன்செல்வியோடு தாராவி வரைக்கும் வந்தது. வலித்தது, ஆனால் அந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து யாரும் அவளை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா மாடத்தி மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கிறவள். அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னத்துக்கு இப்பிடி மொறச்சுப் பாக்க?"

"அசையாத. ஒன் மொகத்த வரையுதேன்."

"வரையுறதுக்கு ஒனக்கு வேற மொகமே கெடைக்கலியாக்கும்."

அம்மாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. இத்தனை வருஷம் அது கண்ணில் படவில்லை. "இது எப்பம்மா பட்டுது?"

"கல்யாணத்துக்கு முந்தி," என்றாள் மாடத்தி. பூண்டுத் தோலை வழித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை சஃபீனா வரவில்லை. அவள் குடும்பம் தாணேக்கு வீடு மாற்றிவிட்டது, இனி அங்கேதான் படிப்பாள் என்று டீச்சர் சொன்னார். பொன்செல்வி படத்தை மேஜையில் வைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு வெங்கடேஷ், காது ரொம்பக் கீழே இறங்கிவிட்டது என்றான். மூக்கைப் பயந்து பயந்து போட்டிருக்கிறாள் என்றது இன்னொரு குரல். தழும்பு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். பொன்செல்வி நகத்தைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். நடுநடுவே காலியாகக் கிடந்த எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

இப்போது அவள் பத்தாவது. சனிக்கிழமை தவறாமல் போகிறாள். அவள் படத்தில் தாராளமாகக் குறை சொல்கிறார்கள். அவளும் திக்கித் திக்கி ஹிந்தியில் குறை சொல்கிறாள். ஆனால் ஒரு படத்தை முடித்ததும் முதலில் யாரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதோ, அவள் தாணேயில் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது பொன்செல்விக்குத் தெரியாது.