அப்பா சொன்ன ‘வாரேன்’

பகலில் நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்ச நேரத்தில் டீப் ஹவுஸ் இசை செய்கிறேன். அடியில் பேஸ் என்னும் கனத்த கீழ்க்குரல் ஒலி நிதானமாக நடக்க, ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும் நடன இசை அது. புனைபெயரில் இணையத்தில் வெளியிடுவேன். கேட்பவர்கள் எங்கெங்கோ இருக்கும் சிலர். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

சென்ற மாதம் இரண்டு புதிய டிராக்குகளை முடித்தேன். அவற்றில் ஒன்றில் அப்பாவின் குரல் இருந்தது. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து ஊரான நத்தத்திலிருந்து எப்போதோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஒன்று என் போனில் கிடந்தது. அதிலிருந்து ‘வாரேன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து, தாளத்தின் மேல் சுற்றவிட்டிருந்தேன். நான் செய்ததிலேயே நல்லது அதுதான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றார்.

“அவரு குரல்தானே?”

“ஆமாம்மா.”

கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுருங்கியது.

“எதுக்குப்பா இம்புட்டுத் தடவை சொல்ல வைக்கிற? வாரேன் வாரேன்னே சொல்லிக்கிட்டு இருக்காரு. வந்து சேரவே விடமாட்டேங்குற.”

நான் இசையை நிறுத்தினேன். அப்பாவை என்னோடு வைத்துக்கொள்வதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் வழியிலேயே நிற்பதாக அது அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது.

“அவரு பேசுனதை முழுசா போடு” என்றார் அம்மா.

போனை எடுத்துப் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே அப்பா: “மாம்பழம் வாங்கிட்டேன். பஸ்ஸு ஏறிட்டேன். செத்த நேரத்துல வாரேன், அம்மாவ சோத்தை எடுத்து வைக்கச் சொல்லு.”

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு வந்துட்டாரு. பழம் அம்புட்டும் ஒரே புளிப்பு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.” சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே குரலை எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் வேறு ஒலிகளை வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் அந்த டிராக்கையே ஒதுக்கிவிட்டு, மற்றதை மட்டும் வெளியிட்டேன். சிலர் கேட்டார்கள், ஒருவர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். ஒதுக்கியதை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று அம்மாவும் சொல்லவில்லை.